எந்த நாளின் தோற்றம்?



அறந்தாங்கிப் பக்கத்துத் தாய் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கும் கேள்வி இம்மாதம் இப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அவருடைய கணவர் மர்ஹூமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்ற வில்லீஸ் ஜீப் ஒன்று வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அமெரிக்காவில் பிறந்த வண்டி. மூத்த மகன் அதைப் புத்தம் புதிதாக மாற்றிவிட எண்ணிப் பட்டறையில் விலையும் பேசி வைத்திருக்கிறார். இளையவரோ, "அத்தா ஓட்டியபோது இருந்தபடியே இருக்கட்டும், அண்ணே" என்று தடுக்கிறாராம். இருவரும் தந்தையின் மீதுள்ள அன்பினால்தான் பேசுகிறார்கள். "இதில் யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

சிறிய வழக்குப் போலத் தோன்றினாலும் இது சிறியதன்று. அமெரிக்காவில் புகழ்பெற்ற பந்தய மோட்டார் வண்டிகள் சிலவற்றிற்கும் இதே வழக்கு நேர்ந்திருக்கிறது. பெரும் பொருளும் பெரும் அறிவும் செலவிட்டு அங்குள்ளோர் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட முடிவுகள் அறந்தாங்கிக் கொட்டகைக்கும் பயன்படும்.

1908 பிப்ரவரி 12ஆம் நாள் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து ஆறு வண்டிகள் பாரிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டன. மூன்று பிரெஞ்சு வண்டிகள், செர்மனியின் புரோட்டோஸ், இத்தாலியின் சூஸ்ட், அமெரிக்காவின் தாமஸ் பிளையர். மேற்கு நோக்கி அமெரிக்காவைக் கடந்து, கப்பலேறி ஜப்பான் சென்று, அங்கிருந்து விளாடிவாஸ்டாக் வழியாகச் சைபீரியாவைத் தாண்டி ஐரோப்பாவை அடைய வேண்டும். கடல் வழியும் நில வழியுமாக ஏறக்குறைய 22,000 மைல். சாலை என்று சொல்லத்தக்க ஒன்று பெரும்பகுதித் தொலைவுக்குக் கிடையாது. பனியும் சேறுமே பாதை. 169 நாட்களுக்குப் பிறகு சூலை 30இல் தாமஸ் வண்டி பாரிசுக்குள் நுழைந்தது. புரோட்டோஸ் நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. ஆனால் வழியில் ஓரிடத்தில் இரயிலில் ஏற்றப்பட்டதற்காக அதற்குத் தண்டனை நாட்கள் கூட்டப்பட்டன. அலாஸ்கா வரை சென்று திரும்பியதற்காகத் தாமஸுக்குச் சலுகை நாட்கள் கிடைத்தன. வெற்றி அமெரிக்க வண்டிக்கே என்று தீர்ப்பாயிற்று.

பாரிஸ் எல்லையில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று சுவையானது. முன்விளக்கு எரியவில்லையே என்று காவலர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டாராம். அவ்வழியே வந்த மிதிவண்டிக்காரர் தம் விளக்கைத் தர முன்வந்தார். விளக்கு கழன்று வரவில்லை. எனவே மிதிவண்டியையே தூக்கி முன்பக்கம் வைத்துக்கொண்டு ஊருக்குள் சென்றார்களாம். உலகையே சுற்றி வந்தவர்களுக்கும் விளக்குச் சட்டம் உண்டு!

அந்த வண்டியைத் தயாரித்த நிறுவனம் சில ஆண்டுகளில் நொடித்துப்போயிற்று. வண்டி ஏலத்திற்கு வந்தது, பலர் கைமாறியது. 1964இல் நெவாடா மாநிலம் ரீனோ நகரின் பில் ஹாரா அதை வாங்கினார். சூதாட்ட விடுதிகளால் செல்வம் சேர்த்தவர் அவர். அத்தொழிலை நாம் ஒருபோதும் ஏற்பதில்லை. ஆயினும் வண்டிகளின் செய்தியில் அவர் காட்டிய நேர்மை குறிப்பிடத்தக்கது. இதுதான் அந்த வண்டி என்பதை எப்படி உறுதி செய்வது? 1908இல் நியூயார்க் முதல் பாரிஸ் வரை முழுத் தொலைவும் அதனுடன் சென்ற ஜார்ஜ் ஷூஸ்டர் அப்போது உயிருடன் இருந்தார். வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அவரையே அழைத்துவந்து காட்டினார்கள். முதியவர் முதலில் நம்பவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்தபோதுதான், வழியில் தம் கையால் செய்த பழுதுநீக்கங்களின் அடையாளங்களைக் கண்டு, இது அதுவே என்று ஒப்புக்கொண்டார்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த வண்டியின் அடையாளச் சீட்டு எங்கே இருந்தது? அதன் காயங்களில் இருந்தது. இடையில் எவரேனும் ஒரு நல்லெண்ணக்காரர் அந்த ஒட்டுகளை எல்லாம் அரைத்துச் சமமாக்கி, பளபளவென்று வண்ணம் அடித்திருந்தால், ஷூஸ்டர் தம் வண்டியைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

ஹாரா என்ன செய்தார்? தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் தோற்றத்தை அவர் தேடவில்லை. 1908 சூலையில் பாரிசுக்குள் நுழைந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கே வண்டியைக் கொண்டுவரச் செய்தார். இன்றும் அது ரீனோவின் தேசிய மோட்டார் வாகன அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முதல் கேள்வி இதுதான்: "பழைய தோற்றம்" என்கிறோமே, எந்த நாளின் தோற்றம்? ஒரு வண்டிக்குப் பிறந்த நாள் உண்டு. வென்ற நாள் உண்டு. விற்ற நாள் உண்டு. நம் தந்தையார் கடைசியாக ஓட்டிய நாளும் உண்டு. நான்கிலும் அதன் முகம் வேறு வேறு.

1966இல் பிரான்சின் லெமான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் அமோனும் ஓட்டி வென்ற ஃபோர்டு ஜி.டி.40 வண்டிக்கும் இவ்வாறே நேர்ந்தது. கறுப்பு வண்ணம், 2ஆம் எண். பிற்காலத்தில் அது கைமாறி உருமாறியது. ஐம்பதாம் ஆண்டாகிய 2016இல் மீண்டும் அந்தச் சூன் மாத நாளின் கோலத்தில் பொதுமக்கள் முன் நிறுத்தப்பட்டது. அங்கே நாளைத் தேர்ந்தெடுப்பதில் தடுமாற்றம் இல்லை. உலகம் அவ்வண்டியை நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

மூன்றாவதாக ஒரு வண்டி. அதைச் செப்பனிடவே மறுத்தார்கள்! 1964, 65ஆம் ஆண்டுகளில் கரோல் ஷெல்பியின் நிறுவனம் 'டேட்டோனா கூபே' என்னும் பந்தய வண்டிகளை ஆறே ஆறு மட்டும் செய்தது. வடிவமைத்தவர் பீட்டர் பிராக். 1965இல் ஐரோப்பியரை வென்று உலகப் பட்டம் பெற்றுத் தந்த வண்டிகள் இவை. ஆறில் முதலாவது பிற்காலத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு கிடங்கில் மறைந்து கிடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டது. அதை வாங்கியவர் பிலடெல்பியாவின் பிரெட் சிமியோன். நரம்பியல் அறுவை மருத்துவர். அவர் அதற்குப் புது வண்ணம் பூச இசையவில்லை. வெடித்த வண்ணம், உரசல், மங்கல் எல்லாம் அப்படியே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்றது இந்த வண்டியே. புது வண்ணத்தை எப்போது வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். பழைய வண்ணத்தை ஒருமுறை இழந்தால் இழந்ததுதான். மருத்துவரின் கட்சி அது. என் மனமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கிறது.

சரி, செப்பனிடுவது என்றே முடிவு செய்துவிட்டால், முதல் வண்ணம் எது என்று எப்படி அறிவது? கைதேர்ந்தவர்கள் மறைவான ஓரிடத்தில் காசளவு வட்டத்தை நனைத்த உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பார்கள். மேல் வண்ணம், அதன் கீழ் வண்ணம், அதற்கும் கீழ் என்று மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒவ்வொன்றாய்த் தெரியவரும். பழைய புகைப்படங்களையும் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பி வண்ணத்தை முடிவு செய்வது ஆபத்து. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பட்ட படத்தகடுகளுக்குச் சிவப்பு ஒளி எட்டுவதில்லை. எனவே சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் பதிந்துவிடும். உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய திருமணப் படத்தில் கறுப்பாகத் தெரியும் சேலை உண்மையில் அரக்குச் சிவப்பாக இருந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் அமெரிக்கா வரை போகவேண்டுமா என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அன்னவாசலுக்கு அருகே, பள்ளிக்கூடப் பிள்ளைகளாய் நாம் வரிசையில் நின்று பார்த்த அதே குகை. அங்குள்ள கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் அக்குடைவரையைப் புதுப்பித்த செய்தியைச் சொல்கிறது. அதாவது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது பழையதாகி, செப்பனிடப்பட்டிருக்கிறது! பின்னைய பூச்சின் கீழே முன்னைய ஓவியம் இருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். எது முதல் தோற்றம்? மேலுள்ள தாமரைக் குளமா, அதற்கு அடியில் உள்ளதா? 1930களின் இறுதியில், புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தபோது, சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அந்த ஓவியங்களைத் தூய்மை செய்து காத்தார். புகைக்கரியை நீக்குவது, உதிரும் சாந்தை உறுதிப்படுத்துவது என்ற அளவில் வேலை நின்றது. அழிந்துபோன தாமரை இதழைப் புதிதாக வரைந்து நிரப்பவில்லை. அப்படி நிரப்பியிருந்தால், இன்று அங்கே போய் நாம் பார்ப்பது எவருடைய கைத்திறம்?

இப்போது அறந்தாங்கி ஜீப்புக்கு வருவோம். நம் பக்கத்துப் பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றுக்கும் நேர்ந்த கதி, எண்ணெய்ச் செலவைக் குறைக்க டீசல் எஞ்சினைப் பொருத்தியது. பிழைப்புக்காகச் செய்தது; குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2021இல் நடுவண் அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டிருக்கிறது. முதற்பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், முதல் வடிவிலேயே காக்கப்பட்டிருந்தால், 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண்ணைப் பெறலாம். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ அவ்வண்டியைப் பயன்படுத்த முடியாது. பட்டறையில் பேசிய விலையில் எஞ்சின் மாற்றமும் அடங்கியிருந்தால், மூத்தவர் அதை உடனே நிறுத்திவிடுவது நல்லது. பழைய பதிவுச் சான்றைப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்து வையுங்கள்; மற்ற வேலை எல்லாம் அதற்குப் பின்பு.

இளையவருக்கும் ஒரு சொல். இருந்தபடியே விடுவது என்றால் கரையானுக்கும் துருவுக்கும் விட்டுவிடுவது என்று பொருளில்லை. பிரேக் குழாய்கள், டயர்கள், மின்கம்பிகள் ஆகியவற்றில் பழமை பேசக் கூடாது; ஓட்டுவதாயிருந்தால் அவை புதியனவாகவே இருக்கவேண்டும். கழற்றியவற்றைக் காயலான் கடைக்குப் போடாமல், சீட்டு எழுதிக் கட்டி ஒரு சாக்கில் வைத்திருங்கள். டாங்கியில் கெட்டுப்போன பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள். பல்லாண்டு நின்ற எஞ்சினை உடனே முடுக்க வேண்டாம்; பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறிய பின் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வெளிப்புறத்தை மென்மையான சோப்பு நீரால் கழுவினால், துரு என்று நினைத்ததில் பாதி அழுக்காகவே இருப்பதைக் காண்பீர்கள்.

வீட்டுப் பெண்மணிகள் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்கவேண்டும். அக்கால வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கும். வண்ணத்தைத் தேய்த்து எடுப்பதாயிருந்தால் வறட்டுத் தாளால் தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ வேண்டாம். வேலை நடக்கும் நாட்களில் பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். வேலை செய்தவரின் உடைகளைத் தனியே துவையுங்கள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு திருகாணியையும் தொடுவதற்கு முன், வண்டியின் நான்கு பக்கமும், உட்புறமும், அடிப்புறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இருக்கையின் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். வெயிலும் கையும் படாத அந்த இடத்தில், வண்டி முதன்முதலில் எந்த வண்ணத்தில் இருந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தாயாரையும் அழைத்துக் காட்டுங்கள். அத்தா அவ்வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த நாளில் அது எந்த வண்ணத்தில் இருந்தது என்பதை அவர் சொல்லக்கூடும்.