ஜெபமும் படைப்பும்

இறைவனை வேண்டிக்கொண்டால் கவிதை வருமா?

நண்பர் சிலர் இக்கேள்வியை வேடிக்கையாகக் கேட்பதுண்டு. நானோ ஒரு காலத்தில் வரும் என்றே நம்பியிருந்தேன். முதலாண்டில் நம் தமிழ் மன்றம் நடத்திய கவிதைப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். தலைப்பை ஒரு வாரம் முன்னரே அறிவித்துவிட்டார்கள். ஆறு நாள் நண்பர்களோடு ஊர் சுற்றினேன். ஏழாம் நாள் இரவு விடுதி அறையில் முழங்காலிட்டு, ‘ஆண்டவரே, நாளைக்கு ஒரு நல்ல கவிதையைத் தாரும்’ என்று ஜெபித்தேன். மறுநாள் தாளின்முன் அமர்ந்தபோது வந்தவையெல்லாம் எப்போதோ படித்த வரிகளின் நிழல்கள். பரிசு கிடைக்கவில்லை. விசுவாசம் போதவில்லையோ என்று என்னையே நொந்துகொண்டேன்.

குறைந்தது விசுவாசமன்று, உழைப்புதான் என்று இன்று தெரிகிறது. ஆனால் அது பாதி உண்மையே. ஜெபத்துக்கும் படைப்புக்கும் உறவே இல்லை என்று அதனால் முடிவு கட்டிவிட முடியாது. மற்றப் பாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

ஒரு கதையும் அதன் பின்னணியும்

இசைமேதை ஹாண்டலைப் பற்றி ஒரு கதை உண்டு. ‘மெசையா’ என்னும் பேரிசைப் படைப்பை அவர் 1741 ஆகஸ்ட் 22ஆம் நாள் தொடங்கி, செப்டம்பர் 14ஆம் நாள் முடித்தார். இருபத்து நான்கே நாள்கள்! எழுதிக்கொண்டிருந்தபோது வானமே திறந்ததைக் கண்டதாக அவர் கண்ணீரோடு சொன்னார் என்றும் கூறுவர். ஜெபித்தால் போதும், பாட்டு வானத்திலிருந்து இறங்கி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

ஆனால் இக்கதையின் பின்னணியையும் நாம் அறிய வேண்டும். அப்போது ஹாண்டலுக்கு வயது ஐம்பத்தாறு. நாற்பதுக்கும் மேற்பட்ட இசை நாடகங்களை அதற்குமுன் எழுதி முடித்திருந்தார். விரைவாக எழுதுவது அவருக்குப் பழகிப்போன ஒன்று. விவிலியச் சொற்களைத் தொகுத்து அமைத்துத் தந்தவர் சார்லஸ் ஜென்னன்ஸ் என்னும் நண்பர். மெசையாவில் புகழ்பெற்ற சில குழுப்பாடல்களின் மெட்டுகள், அதே ஆண்டு ஜூலையில் ஹாண்டல் எழுதிய இத்தாலியக் காதற்பாடல்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை. 1742 ஏப்ரல் 13ஆம் நாள் டப்ளின் நகரில் அரங்கேறிய பின்னரும், பாடுவோருக்கு ஏற்ப அவர் அதைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருந்தார்.

இதனால் அவருடைய பக்தி பொய்யாகிவிடுமா? இல்லை. கையெழுத்துப் படியின் இறுதியில் ‘இறைவன் ஒருவருக்கே மகிமை’ என்று பொருள்படும் மூன்று இலத்தீன் முதலெழுத்துகளை அவர் பொறித்து வைத்தார். அந்த எழுத்துகள் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அவை உழைப்பின் முடிவில் நிற்கின்றன. நான் போட்டிக்கு முந்தின இரவு செய்ததோ, உழைக்காமலே பலனைக் கேட்டது!

ஆச்சியின் கேள்வி

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர். பீடி சுற்றுவது வீடுதோறும் நடக்கும் தொழில். எங்கள் ஆச்சியும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையை வெட்டித் தூள் வைத்துச் சுற்றியபடியே ஜெபிப்பவர். அதில் அலங்காரம் எதுவும் இருக்காது. பெயர்கள்தாம் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காளின் பிள்ளைப்பேறு, எதிர்வீட்டுக்காரரின் வெளியூர்ப் பயணம், சினையாடு, மழை, கடைசியில் பேரன் படிப்பு. ஒருவரும் விடுபட மாட்டார்கள்.

அந்த ஆண்டு எங்கள் கோவிலில் அசன விழா வந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை என்பதால், வாலிபர் சார்பில் ஜெபம் செய்ய ஐயர் என்னை அழைத்தார். நான் ஏற்கெனவே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அடுக்குத் தொடர்கள், எதுகை மோனை, உவமைகள் எல்லாம் அதில் இருந்தன. ஆராதனை முடிந்ததும் பலர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கேட்டார்: “வார்த்தையெல்லாம் நல்லாத்தாம்ல இருந்துச்சு. நீ யாருகிட்ட பேசுன? ஆண்டவருகிட்டயா, ஊருகிட்டயா?”

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. படிப்பறியாத கிழவி என்று எண்ணினேன். அந்த எண்ணத்திற்காக இன்று வெட்கப்படுகிறேன். என் போட்டிக் கவிதை ஏன் தோற்றது என்பதற்கும் அந்த ஒரு கேள்வியிலேயே விடை இருந்தது. அங்கும் நான் வானத்தைப் பார்க்கவில்லை, மனிதரைப் பார்க்கவில்லை. நடுவர்களைப் பார்த்தே எழுதினேன். ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ளுமாறு இயேசு மலைப்பிரசங்கத்தில் கூறினார். அந்தப் போதனை ஜெபிப்பவனுக்கு மட்டும் உரியதன்று, எழுதுபவனுக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன். பார்ப்போர் இல்லாத அறையில் நாம் சொல்லும் சொல் எதுவோ, அதுவே நம் சொந்தச் சொல்.

பதில் வராத ஜெபம்

இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் என் தந்தையார் நோயுற்றார். ஊரில் சிறு பலசரக்குக் கடை நடத்தி எங்களைக் காத்தவர் அவர். நகரத்து மருத்துவமனையில் நாற்பது நாள் இருந்தார். வீட்டார் ஜெபித்தோம், சபை ஜெபித்தது, ஆச்சி உபவாசம் இருந்தார். அப்பா திரும்பி வரவில்லை.

அதன்பின் என்னால் ஜெபிக்க முடியவில்லை. குடும்ப ஜெபத்தில் அமர்ந்திருப்பேன், வாய் திறக்காது. எழுதவும் முடியவில்லை. ஒன்று நின்றபோது மற்றொன்றும் நின்றதைக் கண்டபோதுதான், இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றனவோ என்று முதன்முதலாக ஐயம் எழுந்தது.

கடையை மூடிக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்பாவின் கடன் நோட்டில் ஊரார் பெயர்கள் வரிசையாக இருந்தன. கொடுத்தவர், கொடுக்காதவர், கொடுக்கவே இயலாதவர். சில பெயர்களைக் கடைசி மாதத்தில் அவரே கோடிட்டு அடித்திருந்தார். பாதி நோட்டு வெறுமையாக இருந்தது. அந்த வெற்றுத் தாளில் ஓர் இரவு நான் எழுதத் தொடங்கினேன். பற்று, வரவு என்று இரண்டு பத்திகள். எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இது, எங்களுக்குத் தந்தது இது, மீதி எவ்வளவு என்று இறைவனிடமே கணக்குக் கேட்டேன். அதில் எதுகை மோனை ஏதும் இல்லை. பயந்துகொண்டேதான் ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு பெயர்களை வரிசையாகச் சொல்லி வந்தவர், என் பெயர் வந்ததும், “அவன் கேட்டதுக்கு ஒரு பதிலைச் சொல்லும்” என்று சேர்த்துக்கொண்டார்.

முறையிடுவது விசுவாசத்திற்கு மாறானதன்று என்பதைப் பின்னர்தான் வேதத்தில் கண்டேன். சங்கீதங்களில் துதிப்பாடல்களைப் போலவே முறையீட்டுப் பாடல்களும் நிறைய உண்டு. 88ஆம் சங்கீதம் ஆறுதலான திருப்பம் ஏதுமின்றி இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தோர் நீக்கிவிடவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, துன்பப் பாத்திரம் நீங்க வேண்டும் என்று கேட்டார். அது நீங்கவில்லை.

ஆங்கிலக் கவிஞர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்சின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. 1868இல் இயேசு சபையில் சேர்ந்த அவர், கவிதை துறவுக்குத் தடை என்று எண்ணித் தம் பாடல்களை எரித்தார். ஏழாண்டுகள் ஏறக்குறைய மௌனம். 1875 டிசம்பரில் ‘டாய்ச்லாண்ட்’ என்னும் கப்பல் உடைந்து, பயணம் செய்தோருள் ஐந்து கன்னியர் மூழ்கி இறந்தனர். அந்தத் துயரம் அவரை மீண்டும் எழுத வைத்தது. எழுதிய நெடும்பாடலை அவர் சபையின் இதழே வெளியிட மறுத்தது. 1880களில் டப்ளினில் தனிமையில் வாடியபோது, இறைவன் செவிசாய்க்கவில்லையே என்று தவிக்கும் பாடல்களை எழுதினார். 1889இல் இறந்தார். அவருடைய கவிதைகள் நண்பர் ராபர்ட் பிரிட்ஜசின் முயற்சியால் நூலாக வந்தது 1918இல்! பதிலும் பாராட்டும் கிடைக்காத நாள்களிலும் அவர் பேசுவதை நிறுத்தவில்லை. அதையே நான் விசுவாசம் என்பேன்.

தமிழில் நமக்குள்ள முன்னோர்

நம் மண்ணிலும் இதற்குச் சான்றோர் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), மக்கள் விரும்பிக் கேட்ட குறவஞ்சி வடிவத்தைக் கையாண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். நெல்லைக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பெட்போர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பயணம்’ என்னும் நூலைத் தழுவி அவர் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியம் 1894இல் வெளிவந்தது. மதம் மாறியபோது அவர் தாம் கற்ற கம்பனை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. இளமையில் கற்ற தமிழையே புதிய பலிபீடத்தில் காணிக்கையாக வைத்தார். பக்தி அவருக்குப் பொருளைத் தந்தது. யாப்பைத் தந்தது அவர் கற்ற கல்வி. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் அந்நூல் பிறந்திருக்காது.

நண்பருக்கு ஒரு விடை

இதையெல்லாம் வகுப்புத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், நல்ல கவிஞர். “நான் ஜெபிப்பதே இல்லை. எனக்கும் கவிதை வருகிறதே?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. கவிதை விசுவாசிகளின் தனிச்சொத்து என்று நான் சொல்ல வரவில்லை. ஆதியாகமத்தில், மனிதன் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்னும் இடம் வரும்வரை, இறைவனைப் பற்றி நமக்குத் தெரியவருவது அவர் படைக்கிறார் என்பதே என்று டாரதி சேயர்ஸ் என்னும் எழுத்தாளர் 1941இல் எழுதினார். அப்படியானால் அந்தச் சாயல் விசுவாசிக்கு மட்டுமா உரியது? எல்லா மனிதருக்கும் உரியதன்றோ!

எனக்கு ஜெபம் செய்யும் உதவி வேறு. அது எனக்கு வரிகளைத் தருவதில்லை. பொய்யான வரியை எழுதும்போது கையைப் பிடிக்கிறது. ‘நீ யாரிடம் பேசுகிறாய்?’ என்று கேட்கிறது. என் நண்பருக்கு அந்தக் கேள்வி வேறு வழியில் வரலாம். வராமல் எழுதுபவரே, ஜெபிப்பவரானாலும் ஜெபிக்காதவரானாலும், கவலைப்பட வேண்டியவர்.

மாணவ நண்பர்களே, தேர்வுக்கு முந்தின இரவு ஜெபிப்பதில் தவறில்லை. ஆனால் திறக்காத புத்தகத்தை ஜெபம் திறந்து காட்டாது. எழுத விரும்புவோர் நாள்தோறும் எழுதுங்கள், எழுதியதைத் திருத்துங்கள். ஜெபிப்போர் நாள்தோறும் ஜெபியுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கோபமிருந்தால் கோபத்தையும் சொல்லுங்கள்.

அப்பாவின் கணக்கு நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. நான் கேட்ட கணக்குக்கு இதுவரை பதில் வரவில்லை. ஆயினும், கேட்ட நாள் முதல் மீண்டும் எழுதுகிறேன், மீண்டும் ஜெபிக்கிறேன். ஆச்சியின் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. என்னுடைய பட்டியலிலும் இப்போது சில பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.