டிராக்டருக்கு "90 ஆயில்" போதுமா?

தருமபுரி மாவட்டம் கடத்தூர் வட்டாரத்தில் மாடு பூட்டி ஏர் உழும் காட்சி இன்று அரிதாகிவிட்டது. ராகிக் காடானாலும் மரவள்ளித் தோட்டமானாலும் மஞ்சள் வயலானாலும் டிராக்டர் இறங்கினால்தான் வேலை நடக்கிறது. உழவு முடிந்ததும் அதே டிராக்டர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கரும்பையும் கிழங்கையும் ஆலைக்கு ஏற்றிச் செல்கிறது. இப்படி இரட்டை வேலை செய்யும் இயந்திரத்துக்கு எஞ்சின் ஆயிலை மட்டும் தவறாமல் மாற்றுகிறோம். கியர் பெட்டி ஆயிலின் நினைவோ, கியர் விழாமல் முரண்டு பிடிக்கும் நாளில்தான் வருகிறது. அன்றும் கடையில் கேட்பது, "நைன்டி ஆயில் கொடுங்கள்" என்ற ஒரே சொல்தான்.

இந்தப் பழக்கத்தை உழவர்கள் கைவிட வேண்டும். கைவிடுவதற்கு வழி செய்து கொடுக்கும் பொறுப்பு டிராக்டர் செய்து விற்பவர்களுக்கும் உண்டு. இதுவே என் கருத்து.

லாரிப் பழக்கம் டிராக்டருக்கு ஆகாது

சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதி லாரித் தொழிலுக்குப் பேர்போனது. நம் ஊர்ப் பட்டறைகளில் பல, லாரி வேலையில் கை பழகியவர்கள் தொடங்கியவை. லாரியில் கியர் பெட்டி தனி. பின் அச்சில் உள்ள கிரவுன் தனி. பிரேக்கோ சக்கரத்து டிரம்முக்குள் காற்றழுத்தத்தால் இயங்குவது. ஆகவே அங்கே கியர் ஆயில் பல் சக்கரங்களைக் காத்தால் போதும்.

டிராக்டரின் அமைப்பு வேறு. பெரும்பாலான டிராக்டர்களில் கியர், கிரவுன், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்ட் ஆகிய மூன்றும் ஒரே தொட்டி ஆயிலில் இயங்குகின்றன. இப்போது வரும் டிராக்டர்களில் ஆயில் பிரேக்கும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கிறது. பழைய டிரை பிரேக் டிராக்டர்கள் பலவற்றுக்கு 90 ஆயிலே சிபாரிசு செய்யப்பட்டது. அன்று அது சரி. வண்டி மாறிய பிறகும் கடையில் கேட்கும் சொல் மட்டும் மாறவில்லை.

நான்கு வேலைக்கும் ஒரே ஆயில் என்னும்போது அதற்கு நான்கு குணமும் வேண்டும். பல் சக்கரங்களுக்கு இடையே அது அறுபடாத படலமாக நிற்க வேண்டும். ஹைட்ராலிக் பம்பு உறிஞ்சும் அளவுக்கு இளகி ஓட வேண்டும். பித்தளை, வெண்கல வளையங்களை அரிக்கக் கூடாது. பிரேக் தட்டுகளை வழுக்கவும் விடக் கூடாது, வெடுக்கென்று பிடிக்கவும் விடக் கூடாது.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

எஞ்சின் ஆயில் 40, கியர் ஆயில் 90. ஆகவே கியர் ஆயில் இரு மடங்குக்கு மேல் கனமானது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. எஞ்சின் ஆயிலுக்கு ஓர் அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறோர் அளவுகோல். சூடேறிய நிலையில் 90 என்ற கியர் ஆயிலும், 40 அல்லது 50 என்ற எஞ்சின் ஆயிலும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கும். மேலும் இந்த எண் சொல்வது கனத்தை மட்டுமே. ஆயிலில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது டப்பாவில் உள்ள மற்ற எழுத்துகள். ஜி.எல்-4, ஜி.எல்-5 என்பவை பல் சக்கரங்களைக் காக்கும் திறனைக் குறிப்பவை. இவற்றில் ஜி.எல்-5 கடும் பாரம் தாங்கும் கிரவுனுக்கு உகந்தது. எண் பெரியது என்பதற்காக அதை எல்லா இடத்திலும் ஊற்றிவிடலாகாது. அதில் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் கூட்டுப் பொருள்கள் சிலவகைப் பித்தளை, வெண்கல உறுப்புகளை அரிக்கக் கூடும். பல் சக்கரத்தைக் காக்கும் அதே வழவழப்பு, பிரேக் தட்டுகளுக்குப் பகையாகவும் முடியும்.

ஆயில் பிரேக் உள்ள டிராக்டர்களுக்கென்றே தயாராகும் ஆயிலை யு.டி.டி.ஓ. என்று குறிப்பார்கள். சில கம்பெனிகள் தமக்கென்று தனி எண் வைத்திருக்கின்றன. உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேடுதான் சொல்ல வேண்டும். கடைக்காரரோ பக்கத்துக் காட்டுக்காரரோ அல்ல.

கணவாயில் தெரியும் வித்தியாசம்

தவறான ஆயிலின் கேடு வயலில் உடனே தெரிவதில்லை. மார்கழிக் குளிரில் லிப்ட் மெதுவாக ஏறும். பிரேக் மிதித்தால் கறகறவென்று அதிரும். இவற்றைச் சில்லறைக் கோளாறு என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டி வழியாகக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மஞ்சவாடிக் கணவாய் இறங்கிச் சேலம் போகும் வண்டியை எண்ணிப் பாருங்கள். பின்னால் பாரம் உந்துகிறது. டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருப்பதும் அரிது. அந்தச் சரிவில் ஓட்டுநரின் உயிரும், எதிரே வருபவரின் உயிரும் டிராக்டரின் பிரேக் தட்டுகளை நம்பி இருக்கின்றன.

பணக் கணக்கும் பார்ப்போம். தொட்டி 50 லிட்டர் கொள்வதாகவும், மலிவான ஆயிலில் லிட்டருக்கு 60 ரூபாய் மிச்சம் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த மிச்சம் 3,000 ரூபாய். பிரேக் தட்டோ பம்போ கெட்டால் பின் பகுதியைப் பிரித்தாக வேண்டும். உதிரிப் பாகச் செலவு, கூலி ஆகியவற்றோடு, மழை பெய்து ஈரம் காயும் முன் உழ வேண்டிய நாள்களும் போகும். மானாவாரி நிலத்தில் போன ஈரம் திரும்பி வராது.

அமெரிக்க உழவர்கள் கற்ற பாடம்

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜான் டீர் நிறுவனம் 1960-களில் தன் டிராக்டர்களுக்கு "303" என்ற ஆயிலை விற்றது. அதில் திமிங்கில எண்ணெய் சேர்ந்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் திமிங்கில எண்ணெய் தடை செய்யப்பட்டபின் அந்த ஆயில் நின்றுபோயிற்று. பெயர் மட்டும் நிற்கவில்லை. வேறு பலர் "303" என்று அச்சிட்ட வாளிகளை மலிவாக விற்றுவந்தனர். அந்த எண்ணுக்கு நடைமுறையில் தர அளவு எதுவும் இல்லாமல் போய்விட்டது. இயந்திரங்கள் கெட்டதாக உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2017-ல் மிசோரி மாநிலம் அதன் விற்பனையைத் தடுத்தது. பெயரை நம்பி வாங்கினால் படித்தவர் நாட்டிலும் இதே கதிதான்.

மாற்றும் முறை

புதிய வண்டிக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும். பிறகு பல டிராக்டர்களில் ஏறத்தாழ 1,000 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு உண்டு. உங்கள் வண்டியின் கணக்கைக் கையேட்டில் பார்த்து, மீட்டர் மணியோடு தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டி ஓர் ஆண்டிலேயே அந்த மணியை எட்டிவிடலாம்.

அரைமணி நேரம் ஓட்டி, ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது சமதரையில் நிறுத்தி வடியுங்கள். அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட திருகடைப்புகள் இருக்கலாம். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது இயல்பு. இரும்புச் சில்லுகள் இருந்தால் பழுது தொடங்கிவிட்டது என்று பொருள். சல்லடையைக் கழுவி, பில்டரை மாற்றிப் புது ஆயிலை ஊற்றுங்கள். லிப்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கியபின் அளவுக் கம்பியை மறுபடி பாருங்கள். இரு வகை ஆயிலைக் கலக்க வேண்டாம்.

சேற்றுழவுக்குப் பின் ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்போது மணிக் கணக்குப் பார்க்காமல், தண்ணீர் புகுந்த வழியை அடைத்து, ஆயிலையும் உடனே மாற்ற வேண்டும்.

வடித்த ஆயிலைக் கிணற்றோரத்திலோ ஓடையிலோ கொட்டுவது பாவம். அபாயக் கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, அது பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர வேண்டிய பொருள். கேனில் சேர்த்து வைத்து, அவர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுப்பதே முறை.

செய்ய வேண்டியவர்கள் செய்யட்டும்

"கம்பெனி தன் ஆயிலை விற்கத்தான் இப்படிச் சொல்கிறது" என்று உழவர்கள் ஐயப்படுகிறார்கள். அந்த ஐயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறேன்: முக்கியம் பிராண்டு அல்ல, தரக் குறியீடு. உத்தரவாதக் காலத்தில் அதன் நிபந்தனையைப் படித்து நடந்துகொள்ளுங்கள். அதன்பின் கையேடு கேட்கும் குறியீடு டப்பாவில் அச்சாகியிருந்தால் எந்த நல்ல நிறுவனத்தின் ஆயிலும் ஆகும். சீல் உடையாத டப்பாவாக, பில்லோடு வாங்குங்கள்.

ஆனால் கையேடே உழவர் கையில் இல்லையென்றால் என்ன செய்வது? பழைய வண்டியாக வாங்கியவருக்கு அது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஆங்கிலத்தில் இருந்தால் பெட்டியில் தூங்குகிறது. எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு ஒருமுறை என்ற மூன்று வரிகளைத் தமிழில் பொறித்து, ஆயில் ஊற்றும் மூடியின் அருகிலேயே ஒரு தகடாகப் பதித்துவிட்டால் என்ன? லட்சக்கணக்கில் விலை பெறும் வண்டிக்கு இது ஒரு செலவா? மானியம் தரும் அரசு இதை ஒரு நிபந்தனையாக வைத்தால் கம்பெனிகள் மறுக்க முடியாது.

அந்தத் தகடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையேட்டைப் பார்த்தோ, உங்கள் வண்டியின் மாடலைச் சொல்லி முகவரிடம் எழுதி வாங்கியோ, அந்த மூன்று வரிகளை நீங்களே மட்கார்டின் உட்புறம் பெயிண்டால் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது எண்ணைச் சொல்லாமல் அந்த வரியைச் சொல்லிக் கேளுங்கள்.