எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது

பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' 1967 மே மாதக் கடைசியில் வெளிவந்தது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்கள் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் அதிலுள்ள வித்தைகளைச் சுற்றியே போகும்: வேகம் மாற்றிய டேப், துண்டாக்கி ஒட்டிய ஆர்கன் ஒலிகள், தானாக இரட்டிக்கும் குரல். இவை அனைத்தும் இன்று ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டன. அப்படியிருந்தும் நம் மிக்ஸ்கள் பலவற்றில் அந்தத் தெளிவு இல்லை. காரணம், அந்த ஆல்பத்தின் பலம் கருவிகளில் மட்டும் இல்லை. எந்த முடிவை எப்போது எடுப்பது என்ற கணக்கில் இருக்கிறது. நாம் கைநழுவவிட்டது அந்தக் கணக்கைத்தான்.

லண்டன் அபே சாலை ஸ்டூடியோவில் அப்போது இருந்தவை நான்கு ட்ராக் டேப் இயந்திரங்கள். நான்கும் நிரம்பினால், அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தின் ஓரிரு ட்ராக்குகளில் இறக்கி, மிச்ச ட்ராக்குகளில் அடுத்த வாத்தியங்களைப் பதிய வேண்டும். இறக்கிய கணமே டிரம்ஸ் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு என்பது பூட்டப்பட்டுவிடும். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் பாட்டின் பாதி வழியிலேயே அதன் இறுதி வடிவத்தைக் காதுக்குள் கேட்டாக வேண்டியிருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் அவர்கள் பூட்டிவிடவில்லை. பால் மெக்கார்ட்னி பல பாடல்களில் பேஸ் கிட்டாரைக் கடைசியில், தனி ட்ராக்கில் வாசித்தார். மற்ற வாத்தியங்கள் அமைந்தபின் அவற்றுக்கு இடையே பேஸ் நடக்க வேண்டிய வழி தெரிந்தது. அதனால் அதை மட்டும் திறந்து வைத்தார்கள்.

அதே ஆல்பத்தின் 'எ டே இன் த லைஃப்' பாடல் இதற்கு இன்னும் நல்ல சான்று. 1967 ஜனவரியில் அடிப்படைப் பதிவு நடந்தபோது, நடுவே என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது 24 பார் நீளம் என்பது தீர்மானமாகியிருந்தது. உதவியாளர் மால் எவன்ஸ் உரக்க எண்ணினார். எண்ணிக்கை முடிந்ததும் அலாரம் கடிகாரம் அடித்தது. பிப்ரவரி 10 அன்று 40 இசைக்கலைஞர்கள் வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். அதே மாதம் 22 அன்று பாட்டை முடிக்கும் பியானோ கார்டு பதிவானது. ஒலி மங்க மங்க எமெரிக் ஃபேடரை மெல்ல ஏற்றிக்கொண்டே போனார். அதனால் கடைசி நொடிகளில் நாற்காலியின் கிறீச்சொலிகூடக் கேட்கிறது. ஃபேடரின் அந்த ஏற்றம் பின்னால் மிக்ஸிங்கில் சேர்த்ததல்ல. வாசிப்பின் ஒரு பகுதியாகவே டேப்பில் ஏறியது.

'எல்லாம் காலமும் காசும் செய்த வேலை' என்று ஒருவர் மறுக்கலாம். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிந்த குழு, இந்த ஆல்பத்துக்குச் சுமார் 700 மணி நேரம் எடுத்துக்கொண்டதாகக் கணக்குச் சொல்வார்கள். உண்மைதான், நம்மில் பலருக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் நேரம் குறைவாக உள்ளவருக்குத்தான் முடிவை ஒத்திப்போடுவது அதிகச் செலவு. எண்பது ட்ராக்கையும் மிக்ஸிங் நாளில் முதன்முறையாக யோசித்துப் பார்ப்பவர், பதிவு நாளில் சேமித்த நேரத்தைவிட அதிகமாகவே இழக்கிறார்.

இன்னொரு மறுப்பு கனமானது. கூடுதல் ட்ராக் கிடைத்திருந்தால் அவர்களே பயன்படுத்தியிருப்பார்கள் அல்லவா? 1968-இல் எட்டு ட்ராக்குக்கு மாறியும் விட்டார்கள். தவிர, ஒவ்வொரு முறை இறக்கும்போதும் ஒலி சற்றே தேய்ந்தது. ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2017-இல் புதிய ஸ்டீரியோ மிக்ஸ் செய்தபோது, இறக்குவதற்கு முந்தைய டேப்களைத் தேடிப் போனது அதனால்தான். ஆகவே பற்றாக்குறையைப் போற்றிப் பயனில்லை. ஆனால் அவர் எதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்: குழுவினர் உடனிருந்து பார்த்துப் பார்த்துச் செய்த 1967-இன் மோனோ மிக்ஸை. ஒலியின் தேய்மானத்தை நீக்கிய அவர், அன்று எடுத்த முடிவுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்.

வாடிக்கையாளர் கடைசி நிமிடத்தில் மனம் மாறுவார் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்கு மூலப் பதிவைத் தனியே பத்திரப்படுத்தினால் போதும். வேலை நடக்கும் செஷனில் எல்லாக் கதவுகளையும் திறந்து போட வேண்டாம். அடுத்த பதிவில் ஒன்று செய்து பாருங்கள். கிட்டாரின் தொனி, குரலின் ரீவெர்ப், டிரம்ஸின் சமநிலை ஆகியவற்றைக் கலைஞர் அறையில் இருக்கும்போதே முடிவுசெய்து, எஃபெக்டோடு ஆடியோவாக இறக்கிவிடுங்கள். பாட்டு உண்மையில் காத்திருக்கச் சொல்லும் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். அது எது என்று கண்டுபிடிக்கத்தான் நமக்குச் சம்பளம்.