பிள்ளைப் பாசமும் காக்கிச் சட்டையும்

நம் நாட்டுக் கதைகளில் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஏற்பட்ட சோதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு இறந்ததற்காகத் திருவாரூரிலே மனுநீதிச் சோழன் தன் அருமைப் புதல்வனையே தேர்க்காலில் இட்டான். வாசலுக்கு வந்த அடியார் கேட்டார் என்பதற்காகச் சிறுத்தொண்டர் தம் சீராளனைக் கறி சமைத்தார். அரிச்சந்திர மகாராஜாவோ, கடமை தவறக் கூடாதென்று சொந்த மனைவியின் கழுத்துக்கே வாளை ஓங்கினான். இந்தக் கதைகளைக் கேட்டும், நாடகமாகப் பார்த்தும், கண்ணீர் விட்டும் வளர்ந்தவர்கள் நாம். கண்ணீர் விட்டோமே தவிர, "நம் வீட்டுப் பிள்ளையாயிருந்தால் நாம் என்ன செய்வோம்?" என்று ஒரு தடவையாவது கேட்டுக் கொண்டோமா? கிடையாது. கேட்டால் வரக்கூடிய பதில் அவ்வளவு கௌரவமாக இராது என்பது எல்லாருக்கும் உள்ளுக்குள்ளே தெரியும்!

அந்தச் சங்கடமான கேள்வியை வெள்ளித் திரையில் பகிரங்கமாகக் கேட்டுவிட்ட தமிழ்ப் படம் ஒன்று உண்டு. 1995-ஆம் வருஷம் தீபாவளியன்று வெளிவந்த "குருதிப்புனல்" தான் அது. இதே பெயரில் ஸ்ரீ இந்திரா பார்த்தசாரதி எழுதி, 1977-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல் ஒன்று இருக்கிறது. அது கீழவெண்மணியில் நடந்த கொடுமையைப் பற்றியது. அதற்கும் இந்தப் படத்துக்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர வேறு சம்பந்தமில்லை. படத்தின் மூலம் ஹிந்தியில் ஸ்ரீ கோவிந்த் நிஹலானி 1994-ல் எடுத்த "துரோக்கால்" என்னும் படம். தமிழில் திரைக்கதையும் வசனமும் எழுதிக் கதாநாயகனாகவும் நடித்தவர் ஸ்ரீ கமல்ஹாஸன். டைரக்ட் செய்ததுடன் ஒளிப்பதிவையும் தாமே ஏற்றுக் கொண்டவர் ஸ்ரீ பி. ஸி. ஸ்ரீராம்.

அந்தத் தீபாவளியன்றுதான் ஸ்ரீ ரஜினிகாந்தின் "முத்து"வும் வெளிவந்தது. ஒரு கொட்டகையில் குதிரை வண்டியும் கும்மாளமும். இன்னொரு கொட்டகையில் இருட்டும் துப்பாக்கியும். பண்டிகை நாளில் குழந்தை குட்டிகளுடன் புறப்பட்ட குடும்பஸ்தர்கள் எந்தக் கொட்டகைக்குள் நுழைந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமான காரியமல்ல. மேலும் "குருதிப்புனல்" படத்தில் பாட்டே கிடையாது. ஒரே படத்தில் ஐம்பது பாட்டுக்கு மேல் கேட்டுப் பழகிய வம்சத்தில் வந்தவர்களல்லவா நாம்? 1954-ல் ஸ்ரீ எஸ். பாலசந்தர் "அந்த நாள்" படத்தைப் பாட்டில்லாமல் எடுத்தபோதே பலர் திகைத்துப் போனார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. "அந்த நாள்" கதாநாயகன் தேசத்தைக் காட்டிக் கொடுக்கிறான். "குருதிப்புனல்" கதாநாயகனும் கடமையைக் காட்டிக் கொடுக்கிறான். துரோகம் செய்கிறவனுக்குப் பாட்டு எங்கிருந்து வரும்?

கதை இதுதான். ஆதிநாராயணன், அப்பாஸ் என்ற இரண்டு போலீஸ் அதிகாரிகள், ஒரு பயங்கர இயக்கத்தை வேரோடு களைய வேண்டுமென்று தங்கள் ஆட்கள் இருவரை மாறுவேஷத்தில் அதற்குள்ளேயே அனுப்புகிறார்கள். இயக்கத்தின் தலைவன் பத்ரி ஆதியின் கையில் அகப்படுகிறான். கைதியை விசாரிக்கிறார் அதிகாரி. ஆனால் சிறிது நேரத்தில் யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பதே சந்தேகமாகி விடுகிறது. "உன் வீட்டில் மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான், அவர்கள் உயிர் என் ஆட்களின் கையில்" என்ற செய்தியைப் பத்ரி நிதானமாகத் தெரிவிக்கிறான்.

பணயக் கைதிகளைப் பற்றிய படங்களில் வழக்கமாக ஓர் ஆகாய விமானமோ, பாங்கியோ, பள்ளிக்கூடமோ இருக்கும். உள்ளே கொலைகாரர்கள், வெளியே போலீஸார், நடுவே ஒரு சுவர். 2011-ல் ஸ்ரீ ராதாமோகன் எடுத்த "பயணம்" அந்த ரகத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து கிளம்பிய விமானம் கடத்தப்பட்டுத் திருப்பதியில் இறங்குகிறது. அங்கே எதிரி யார், காப்பாற்ற வருகிறவர் யார் என்பதில் குழப்பமில்லை. "குருதிப்புனல்" படத்திலோ சுவரே கிடையாது. பணயமாக வைக்கப்பட்ட இடம் போலீஸ் அதிகாரியின் சொந்த வீடு. பணயக் கைதிகள் அவர் மனைவி மக்கள். மீட்க வேண்டியவரும் அவரே. ஆனால் அவர் கையையே அல்லவா கட்டிப் போட்டு விட்டார்கள்? காலையில் காக்கிச் சட்டை மாட்டிக் கொண்டு, விறைப்பாக ஸலாம் வாங்கிக் கொண்டு, காரியாலயத்தில் போய் உட்காருகிற அந்த மனிதர்தான் படத்திலேயே பெரிய கைதி!

ஆதி பணிந்து போகிறார். இங்கேதான் படம் நம் புராணங்களுக்கு எதிர்த் திசையில் நடக்கிறது. மனுநீதிச் சோழன் தேரை ஓட்டினான். இந்த மனிதரால் ஓட்ட முடியவில்லை. 1992-ல் வந்த "ரோஜா"வில் பகைவரிடம் அகப்பட்ட கதாநாயகன், எரிகிற தேசியக் கொடியின் மேல் விழுந்து அதை அணைத்தபோது கொட்டகைகள் அதிர்ந்தன. மூன்று வருஷம் கழித்து இப்படி ஒரு கதாநாயகனை ஜனங்களின் முன் நிறுத்துவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இந்தப் பாத்திரத்தில் கமல்ஹாஸன் செய்திருப்பது என்ன? அழவில்லை, அலறவில்லை. வீரம் என்பது பயமில்லாதவன்போல் நடிப்பதுதான் என்ற கருத்தில் இந்தப் படத்தில் ஒரு வசனம் வருகிறது. இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அதை எடுத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வசனம் அவருடைய நடிப்புக்கே வியாக்கியானமாக அமைந்து விட்டது. பயமில்லாதவர்போல் நடிக்கிற ஒருவரை அவர் நடிக்க வேண்டும். நடிப்பதும் தெரிய வேண்டும், பயமும் தெரிய வேண்டும். முதற் பாதியில் நிமிர்ந்திருந்த முதுகு பிற்பாதியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. நண்பனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துப் பேசியவர் பிறகு மேஜையைப் பார்த்துப் பேசுகிறார். நாம் அவரை மெச்சவில்லை. ஆனால் வெறுக்கவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஒற்றையடிப் பாதையில் இரண்டரை மணி நேரம் நம்மை நடத்திச் செல்கிறாரே, அதுதான் நடிப்பு.

பத்ரியாக வருகிற ஜனாப் நாஸரைத் தென்சென்னை நேயர்கள் பாதி உள்ளூர்க்காரராகவே பாவிக்கலாம். ஊர் செங்கற்பட்டு, பியூஸி வகுப்புப் படித்தது தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில். 1937-ல் பட்டணத்திலிருந்து தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்த அந்தக் கல்லூரியின் நாடக மேடையில் ஏறியவர், 1985-ல் ஸ்ரீ கே. பாலசந்தரின் "கல்யாண அகதிகள்" மூலம் திரைக்கு வந்தார். 1987-ல் வந்த "நாயகன்" படத்தில் கமல்ஹாஸன் சட்டத்துக்குப் புறம்பான தாதா; அவரைப் பிடிக்க வரும் போலீஸ் அதிகாரி நாஸர். எட்டு வருஷம் கழித்து இருவரும் இடம் மாறிக் கொண்டிருக்கிறார்கள். வில்லன் என்றால் கண்ணை உருட்ட வேண்டும், பல்லைக் கடிக்க வேண்டும் என்ற சம்பிரதாயத்தை நாஸர் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. ஒரு வாத்தியார் மக்குப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போல் அவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார். அந்தப் பொறுமையைக் கண்டுதான் நமக்கு உடம்பு சில்லிடுகிறது. ஹிந்தி மூலத்தில் இதே பாத்திரத்தை ஏற்ற ஸ்ரீ ஆசிஷ் வித்யார்த்திக்குத் தேசிய விருது கிடைத்தது. நாஸருக்கு இந்தப் படத்தினால் கிடைத்த விருது, பார்த்தவர்களின் மனத்தை விட்டு அந்தக் குரல் அகலாமலிருப்பதுதான்.

ஸ்ரீ அர்ஜுன் சண்டைக் காட்சிகளுக்குப் பெயர் போனவர். அப்பாஸ் பாத்திரத்தில் அவரை அடக்கி வைத்திருக்கிறார்கள்; அடங்கியதனாலேயே உயர்ந்திருக்கிறார். சிநேகிதன் மேல் சந்தேகம் வருகிறது. சந்தேகம் பொய்யாயிருக்கக் கூடாதா என்று ஏங்குகிற அந்தப் பார்வை ஒன்றே போதும். கடைசியில் சிநேகிதனின் பலவீனத்துக்கு விலை கொடுப்பவனும் அவனே. ஆதியின் மனைவியாக ஸ்ரீமதி கௌதமி வருகிறார். வீட்டுக்குள் கொலையாளிகள் புகுந்த பிறகு, புருஷன் வந்து காப்பாற்றட்டும் என்று காத்திராமல் தானே துணிந்து கையை ஓங்குகிறாள் அந்தப் பெண். புருஷன் தவறவிட்ட தைரியம் சமையலறைப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது போலும்! மேலதிகாரியாக வருபவர் "ஸலங்கை ஒலி"யைத் தந்த ஸ்ரீ கே. விசுவநாத். அவர் தமிழில் நடிகராகத் தோன்றிய முதற் படம் இதுதான்.

குறைகளும் இல்லாமலில்லை. பாத்திரங்கள் தமிழ் பேச வேண்டிய இடங்களிலெல்லாம் இங்கிலீஷ் பேசித் தள்ளுகிறார்கள். பத்ரியின் இயக்கம் யாருக்காகப் போராடுகிறது, எந்த அநீதியிலிருந்து முளைத்தது என்பதைப் படம் சரிவரச் சொல்லவில்லை. நோயின் மூலத்தைச் சொல்லாமல் ஜுரத்தை மட்டும் அளந்து காட்டுகிற வைத்தியம் அது. சித்திரவதைக் காட்சிகளைக் குழந்தைகள் பார்க்கக் கூடாது. இவ்வளவு இருந்தும், 1996-ஆம் வருஷத்து ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது இந்தப் படமே. அங்கே பரிசு கிடைக்கவில்லை. அதனால் இதன் பெருமை குறைந்து விடவுமில்லை.

இனி, படத்தை விட்டு வெளியே வருவோம். ஆதி செய்தது தவறு என்று சொல்வது சுலபம். 1989-ஆம் வருஷம் டிஸம்பர் 8-ந் தேதி, அப்போதுதான் இந்தியாவின் உள்நாட்டு மந்திரியாகப் பதவியேற்றிருந்த முப்தி முகம்மது சயீதின் மகளைக் காஷ்மீரத்தில் கடத்திக் கொண்டு போனார்கள். ஐந்தே நாளில் சர்க்கார் ஐந்து தீவிரவாதிகளைச் சிறையிலிருந்து விட்டு, அந்தப் பெண்ணை மீட்டது. 1999 டிஸம்பரில் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட விமானத்தின் பிரயாணிகளுக்காக இன்னும் மூன்று பேர் விடுவிக்கப்பட்டார்கள். படையும் பரிவாரமும், யோசனை சொல்ல நூறு பேரும் உள்ள சர்க்காரே பிள்ளைப் பாசத்துக்கும் ஜனங்களின் கண்ணீருக்கும் பணிந்தது. அப்படியிருக்க, தனி ஒரு போலீஸ் அதிகாரி பணிந்தார் என்பதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. படத்தின் முழுக் கருத்தும் அந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது. சர்க்கார் பணிந்தது ஊரறியப் பணிந்தது. சரியா தப்பா என்று தேசம் முழுவதும் வாதாடியது, இன்னமும் வாதாடுகிறது. ஆதி பணிந்ததோ இரகசியமாக. "என் பிள்ளையைப் பணயம் வைத்திருக்கிறார்கள், எனக்குப் பயமாயிருக்கிறது" என்று ஆருயிர்த் தோழனிடம் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கக் கூடும். அவர் சொல்லவில்லை. போலீஸ் அதிகாரி பயப்படலாமா என்ற வெட்கம் வாயை அடைத்து விட்டது. யாரிடம் போய்ச் சொல்வது என்று பார்த்தால், மேலே இருப்பவரும் முன்பே விலை போனவராயிருக்கிறார். முடிவில் ஆதி தம்முடைய பிழைக்குத் தாமே தண்டனை விதித்துக் கொள்கிறார். மாறுவேஷத்தில் உள்ளே இருக்கும் தம் ஆளான சிவாவின் மேல் இயக்கத்தாருக்கு நம்பிக்கை உண்டாக வேண்டும் என்பதற்காக, அவன் கையாலேயே தம்மைச் சுடச் செய்கிறார். பாதகர்களின் நம்பிக்கையைப் பெறுவதற்கு ஒரு நல்லவனின் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

தாம்பரம், வண்டலூர் பக்கத்து நேயர்களுக்கு இது வெறும் சினிமா விஷயமல்ல. 2008-ல் மும்பையில் நடந்த கோரத்துக்குப் பிறகு, தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னையில் ஏற்பட்ட முகாம் நெடுங்குன்றத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் போலீஸ் அதிகாரிகளுக்குப் பயிற்சியளிக்கும் கழகம் ஊனமாஞ்சேரியில் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து தாம்பரத்துக்கென்றே தனிப் போலீஸ் கமிஷனர் காரியாலயம் ஏற்பட்டிருக்கிறது. ஆகவே, பிறரைப் பணயத்திலிருந்து மீட்கும் வித்தையைக் கற்றவர்களும் கற்பிக்கிறவர்களும் இந்தப் பக்கத்திலேதான் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் நம் குழந்தைகளுடன் ஒரே பள்ளிக்கூட வண்டியில் போகின்றன. அவர்கள் வீட்டு அம்மாமார்கள் நம் வீட்டு ஸ்திரீகளுடன் ஒரே கடையில் காய்கறி வாங்குகிறார்கள்.

காவல் காக்கிறவர்களிடம் நாம் வீரத்தை மட்டுமே எதிர்பார்த்து வந்திருக்கிறோம். அவர்களுடைய வீட்டுக்கு யார் காவல் என்று கேட்டதில்லை. பயம் வந்தால் அதை வெட்கமின்றிச் சொல்லிக் கொள்ள அவர்களுக்கு ஓர் இடமும், கேட்டுக் கொள்ள நேர்மையான ஒரு மேலதிகாரியும் வேண்டும். அது இல்லாத தேசத்தில் எத்தனை துப்பாக்கி வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனமில்லை. கமல்ஹாஸனும் நாஸரும் ஓர் அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நமக்கு உணர்த்திய விஷயம் இதுதான். மனுநீதிச் சோழனைப் போல் எல்லாரும் இருக்க முடியாது. மனுநீதிச் சோழனாக இராத மனிதர்களைக் கொண்டும் ஒரு ராஜ்யம் நேர்மையாக நடக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்து வைப்பது சர்க்காரின் பொறுப்பு. செய்திருக்கிறார்களா என்று கேட்பது நம் பொறுப்பு.