பெரியப்பாவின் பீரோவும் அறுபது வயது விஸ்கியும்

டிஸ்கி: விஸ்கியைப் பற்றி எழுதிவிட்டு டிஸ்கி போடாமல் இருக்க முடியுமா? இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. எனக்கு வயது 22. தமிழ்நாட்டில் சட்டப்படி 21 ஆகியிருக்க வேண்டும், ஆகிவிட்டது. ருசியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பி.காம் படிக்கிறவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள் :-)

விஷயம் 2023 நவம்பரில் ஆரம்பித்தது. லண்டனில் சோத்பீஸ் நடத்திய ஏலத்தில் ஒரு பாட்டில் மெக்காலன் விஸ்கி ஏறக்குறைய 22 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம்ம காசில் 22 கோடிக்கு மேல். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு தஞ்சாவூரிலிருந்து பெரியப்பா போன் பண்ணினார்.

"டேய், நீ பி.காம்தானே படிக்கிற? எங்கிட்ட ஒண்ணு இருக்கு. 2007ல துபாய் ஏர்போர்ட்ல வாங்கினது. அப்பவே பதினெட்டு வருஷச் சரக்கு. இப்போ முப்பத்தி நாலு வருஷம் ஆச்சு. என்ன விலை போகும்னு பார்த்துச் சொல்லு."

அந்தப் பாட்டிலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டீல் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, பெரியம்மாவின் திட்டுகளைத் தாங்கிக்கொண்டு படுத்திருக்கும். (படுத்திருக்கும் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) ஷார்ஜாவில் பெரியப்பாவோடு ஒரே ரூமில் பதினோரு வருஷம் இருந்த கும்பகோணத்து நண்பர் ஒருவர். இரண்டு பேரும் ஊருக்கு மொத்தமாகத் திரும்பியதும் சேர்ந்து உட்கார்ந்து திறப்பதாக ஒப்பந்தம். 2014ல் திரும்பிவிட்டார்கள். அக்கா கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்றார்கள், திறக்கவில்லை. பொங்கலுக்கு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பெரியப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இருக்கட்டும்யா, ஆக ஆகத்தான் நல்லா ஆகும்." 2021 மே மாதம் கொரோனாவில் அந்த நண்பர் போய்விட்டார்.

பெரியப்பாவுக்கு விலை சொல்லலாம் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்குப் புரிந்தது, அவருடைய கணக்கில் முதல் வரியே தப்பு.

விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் மரப் பீப்பாய்க்குள் மட்டும்தான். காய்ச்சி வடித்து எடுக்கும்போது அது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். நிறம், வாசனையில் பெரும்பகுதி, அந்த வழவழப்பு எல்லாம் மரத்திலிருந்து வருகிறது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி குறைந்தது மூன்று வருஷம், 700 லிட்டருக்கு மேல் போகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே கிடந்தால்தான் அது ஸ்காட்ச். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடிய நிமிஷத்தோடு வயது நின்றுவிடும். பதினெட்டு வருஷச் சரக்கு பீரோவில் நூறு வருஷம் இருந்தாலும் பதினெட்டு வருஷச் சரக்குதான். ஒயின் பாட்டிலுக்குள்ளும் மாறும், அதைப் பார்த்துத்தான் பலரும் இதிலும் குழம்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த 22 கோடி பாட்டிலையே பாருங்கள். 1926ல் வடித்தது, 1986ல் பாட்டிலில் அடைத்தது. அதனால் அறுபது வயது. 263 என்ற எண்ணுள்ள ஒரே பீப்பாய், அதிலிருந்து வந்தது மொத்தம் 40 பாட்டில். ஏலத்துக்கு வந்தபோது பாட்டிலில் அடைத்தே 37 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அதை யாரும் 97 வயது என்று சொல்லவில்லை. அதில் பன்னிரண்டு பாட்டிலுக்கு வலேரியோ அடாமி என்ற இத்தாலிய ஓவியரும், வேறு பன்னிரண்டுக்கு பீட்டர் பிளேக்கும் லேபிள் போட்டார்கள். 2023ல் விற்றது அடாமி லேபிள். அந்த விலையில் எவ்வளவு விஸ்கிக்கு, எவ்வளவு படத்துக்கு என்று பிரித்துக் காட்ட எந்த அக்கவுண்டன்டாலும் முடியாது.

சரி, பீப்பாய்க்குள் இருந்தால் ஆக ஆக நல்லாகுமா? இங்கேதான் எங்கள் பாடம் வருகிறது. மூடிய பீப்பாயிலிருந்தும் மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம். பதினோராம் வகுப்பில் தேய்மானத்துக்கு குறைந்து செல் மதிப்பு முறை என்று ஒன்று படித்தோமே, அதே கணக்குதான். 100 லிட்டர் வைத்தால் 18 வருஷத்தில் சுமார் 70 லிட்டர், 30 வருஷத்தில் 55, 60 வருஷத்தில் 30. மிச்சமிருக்கும் 30 லிட்டர்தான் போன 70 லிட்டரின் செலவையும், அறுபது வருஷக் கிடங்கு வாடகையையும், முடங்கிக் கிடந்த பணத்தின் வட்டியையும் சுமக்க வேண்டும். பழைய விஸ்கியின் விலை ஏன் ஏறுகிறது என்பதில் பாதி இங்கேயே முடிந்துவிட்டது. ருசி என்ற வார்த்தையே இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை பாருங்கள்.

ருசியைப் பொறுத்தவரை மரம் ஒரு அளவு வரைக்கும் கொடுக்கும். அதற்குமேல் கசப்பும் துவர்ப்பும் ஏறி, குடிப்பது விஸ்கியா ஊற வைத்த பலகையா என்று ஆகிவிடுமாம். சில பீப்பாய்களில் சாராயத்தின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்கினால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது. எந்தப் பீப்பாயை எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவர்தான் அந்தத் தொழிலில் பெரிய ஆள்.

பெங்களூரில் அம்ருத் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. 1948ல் தொடங்கியது. 2004ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கே தன் சிங்கிள் மால்ட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். (திருப்பதிக்கே லட்டு!) பெங்களூர் வெயிலில் தேவதைகள் வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் குடித்துவிடுகின்றன. 10 என்றே வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால், ஸ்காட்லாந்தில் 30 வருஷத்தில் குறைவது இங்கே ஆறே வருஷத்தில் குறைந்துவிடும். மரத்திலிருந்து ஏறுவதும் அதே மாதிரி வேகம்தான். அவர்கள் எட்டு வருஷம் வைத்திருந்து எடுத்த ஒன்றுக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்', அதாவது பேராசை பிடித்த தேவதைகள், என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எட்டு என்ற நம்பரை மட்டும் பார்த்துவிட்டு சின்னப் பையன் என்று ஒதுக்குபவர் ஏமாந்து போவார். லேபிளில் இருக்கும் வயது எத்தனை நாள் உள்ளே கிடந்தது என்று மட்டும்தான் சொல்லும். எந்த வெயிலில், எந்த மரத்தில் என்று சொல்லாது. நம்ம காலேஜிலும் ஏழு வருஷமாகப் படிக்கும் சீனியர்கள் இருக்கிறார்கள், வயதை வைத்து முடிவு பண்ண முடியுமா?

அரிது என்ற வார்த்தைக்கு வருகிறேன். எனக்கு இதில் பிடித்த பகுதியே இதுதான். அரிய விஸ்கி என்று இன்று கொண்டாடப்படுவதில் நிறைய, ஒரு காலத்தில் விற்காமல் தேங்கிய சரக்கு.

விஸ்கித் தொழிலின் கஷ்டம், இன்று வடிப்பதைப் பன்னிரண்டு, பதினெட்டு வருஷம் கழித்துத்தான் விற்க வேண்டும். அப்போது என்ன டிமாண்ட் இருக்கும் என்று இன்றே கணிக்க வேண்டும். 70களில் ஸ்காட்லாந்தில் அள்ளி அள்ளி வடித்தார்கள். 80களில் விற்பனை படுத்தது. விஸ்கி ஏரி என்று பேர் வைக்கும் அளவுக்குச் சரக்கு தேங்கியது. டி.சி.எல் என்ற பெரிய கம்பெனி 1983ல் ஒரேயடியாகப் பல ஆலைகளை மூடியது. ஐலா தீவில் அவர்களுக்கு இருந்தது மூன்று ஆலை: லகாவுலின், கால் ஈலா, போர்ட் எலன். அதில் போர்ட் எலனுக்குத்தான் பூட்டு. அந்த ஆலை சரக்கு சரியில்லை என்பதற்காக அல்ல, மூன்று தேவையில்லை என்பதற்காக. வேலை பார்த்தவர்கள் வெளியே, பீப்பாய்கள் கிடங்கில் உள்ளே. 2001லிருந்து அந்த மிச்சப் பீப்பாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டிலில் அடைத்து விட ஆரம்பித்ததும் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொண்டார்கள். விலை ஏறிய ஏற்றத்தில் 2024ல் அதே போர்ட் எலனைத் திரும்பக் கட்டித் திறந்திருக்கிறார்கள்! 1983ல் மூடிய இன்னொரு ஆலையான புரோராவை 2021லேயே திறந்துவிட்டார்கள்.

ஜப்பானில் இன்னும் மோசம். ஹன்யூ என்ற ஆலை 2000ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆலையை வாங்கியவர்களுக்கு உள்ளே இருந்த விஸ்கி வேண்டாம். நிறுவனரின் பேரன் இச்சிரோ அகுட்டோ சுமார் 400 பீப்பாய்களை எப்படியோ காப்பாற்றி வேறு இடத்தில் வைத்தார். பிறகு சீட்டுக்கட்டுப் படம் போட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விஸ்கி என்று பத்து வருஷமாக வெளியிட்டார். 54 பாட்டில் கொண்ட முழுக் கட்டு ஒன்று 2019ல் ஹாங்காங் ஏலத்தில் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் போனது. கீழே கொட்ட இருந்த சரக்கு. இருப்பு மதிப்பீட்டுப் பாடத்தில், அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அதை எழுது என்று சொல்லித் தந்தார்கள். இந்தப் பேரன் எதை எழுதியிருப்பார்?

இந்த மாதிரிக் கதைகளைப் படித்துவிட்டுத்தான் ஆட்கள் முதலீடு என்று இறங்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஷேர் வாங்கினால் டிவிடெண்ட், வீடு வாங்கினால் வாடகை. பாட்டில் வாங்கினால் உங்களை விடப் பெரிய ஆசைக்காரன் ஒருவன் வருவான் என்ற நம்பிக்கை மட்டும்தான். 2022க்குப் பிறகு ஏல விலைகள் இறங்கியபோது அந்த ஆசைக்காரன் வரவில்லை. அதோடு போலி வேறு. 2017ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஓட்டலில் ஒரு சீன எழுத்தாளர், 1878ம் வருஷத்து மெக்காலன் என்று எழுதியிருந்த பாட்டிலிலிருந்து ஒரே ஒரு பெக் வாங்கினார். 9,999 சுவிஸ் பிராங்க். படத்தைப் பார்த்த வல்லுநர்கள் சந்தேகப்பட, ஓட்டல்காரர்களே ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஆக்ஸ்போர்டில் கார்பன் சோதனை செய்ததில் அது 1970-72 வாக்கில் வடித்தது என்று தெரிந்தது. 50, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் பார்லிக்குள்ளும் போய்விட்டது, அதனால் புது பார்லி பொய் சொல்ல முடியாது. ஓட்டல் முதலாளி சீனாவுக்கே பறந்து போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் நல்ல மனுஷர். எல்லாருக்கும் அப்படி ஒருவர் வாய்க்க மாட்டார். 2018ல் ஸ்காட்லாந்தில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 தேறவில்லை.

பிறகு எதைத்தான் வாங்குவது என்றால், சேகரிப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. தபால்தலை சேர்ப்பதில்லையா? ஆனால் வாங்குபவர் நம்பரை விட்டுவிட்டுப் பீப்பாயைக் கேட்க வேண்டும். ஷெர்ரி இருந்த பீப்பாயா, போர்பன் இருந்ததா, எத்தனாவது தடவை நிரப்பியது, சாராய அளவு என்ன. பழைய பாட்டில் என்றால் கழுத்து வரை மட்டம் இருக்கிறதா, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது. முக்கியமாக, விலை பாதியானால் திறந்து குடித்துவிட்டுப் போகலாம் என்று மனசு சொல்லும் பாட்டிலாக இருக்க வேண்டும். வாங்கியபின் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒயின் மாதிரிப் படுக்க வைத்தால் சாராயம் தக்கையை அரித்துவிடும். அந்த 22 கோடி மெக்காலனுக்கே விற்பதற்கு முன் ஆலைக்காரர்கள் புதுத் தக்கை மாற்றித்தான் அனுப்பினார்கள்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் போன் பண்ணவே இல்லை. பொங்கலுக்குப் போனபோது நேரிலேயே சொன்னேன். இது ஆயிரக்கணக்கில் வந்த பாட்டில், அரிதெல்லாம் இல்லை, பதினெட்டுதான், பதினெட்டாகவே இருக்கும். நம்ம ஊரில் தனியாள் சரக்கு விற்பதும் குற்றம். விலையைப் பற்றி அவர் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ 2014லயே திறந்திருந்தாலும் இதேதானா?" என்று கேட்டார்.

இதேதான் பெரியப்பா என்றேன்.

பீரோவைத் திறந்து எடுத்தார். பெட்டியின் அடி கறை பிடித்திருந்தது. மட்டம் கழுத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. தக்கை திருகியதும் பாதியில் உடைந்து மிச்சம் உள்ளே விழுந்தது. பெரியம்மாவிடம் டீ வடிகட்டியைக் கேட்டோம், கழுவித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். பெரியப்பா இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை எடுத்துக் குடித்தார். இன்னொன்று எனக்கோ என்று நினைத்தேன், என் பக்கம் நகர்த்தவில்லை. அது அப்படியே ஸ்டூல் மேல் இருந்தது.

மிச்சத்தைக் காற்று அதிகம் படாமல் இருக்க ஒரு சின்ன பாட்டிலுக்கு மாற்றி, நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.