ஆழம் தெரியாமல் காலை விடுவதா?

  

நம் தர்மபுரி மாவட்டத்தில் கடல் இல்லை. நமக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல்லில் விழுகிற காவிரிதான். கடலில் எந்த நாட்டுக் கப்பல் எங்கே போனால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு.

நமக்கென்னவா? 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போயின. பயணத்தில் பத்து நாளுக்கு மேல் கூடியது. கன்டெய்னர் வாடகை ஏறியது. 2004 வரை நம் மாவட்டத்தோடு ஒன்றாயிருந்த கிருஷ்ணகிரியின் மாங்கூழும், நம் பகுதிக் கிரானைட்டும் கப்பல் ஏறித்தான் வெளிநாடு போகின்றன. வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் வாழ்வதும் அதே கடலின் கரையில்தான். கடல் நம் ஊருக்கு வருவதில்லை. கடலில் நடப்பது நம் கல்லாப்பெட்டிக்கு வந்துவிடுகிறது!

ஒரு நாடு போரில் இறங்கிவிட்டது என்று வானொலி அறிவிக்கும் நாளுக்கு வெகு முன்பே அதன் கப்பல்கள் போருக்குள் போய்விட்டிருக்கும். முதலில் நிவாரணம் என்பார்கள். பிறகு வழித்துணை என்பார்கள். அதன்பின் ரோந்து. ஒவ்வோர் அடியும் சின்ன அடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பெயர். கழுத்தளவு தண்ணீர் வந்த பிறகுதான் மக்களுக்குச் செய்தி வரும். இதைத்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறோம்.

காகிதத்தில் நடுநிலை, கடலில் போர்

இந்தச் சூட்சுமத்தை உலகுக்குக் காட்டியது அமெரிக்கா. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டதும், "நாங்கள் நடுநிலை" என்று அது பிரகடனம் செய்தது. அதற்கென்று சட்டங்களும் வைத்திருந்தது. 1940 தேர்தலின்போது அதிபர் ரூஸ்வெல்ட், உங்கள் பிள்ளைகளை அந்நியர் போருக்கு அனுப்பமாட்டேன் என்று தாய்மார்களுக்கு வாக்குக் கொடுத்தார்.

கடலில் நடந்தது என்ன? 1940 செப்டம்பரில் 50 பழைய நாசகாரிக் கப்பல்கள் பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்டன. பதிலாக 99 ஆண்டுக் குத்தகையில் கடற்படைத் தளங்கள் கிடைத்தன. 1941 மார்ச்சில் ஆயுதங்களை இரவலாகவும் குத்தகையாகவும் கொடுக்கச் சட்டம் வந்தது. ஜூலையில் அமெரிக்கப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. செப்டம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகத் தொடங்கின.

அந்த செப்டம்பர் 4 ஆம் தேதி கிரீர் என்ற அமெரிக்கக் கப்பலை நோக்கி ஜெர்மன் நீர்மூழ்கி குண்டு எய்தது. "எங்களைத் தாக்கிவிட்டார்கள்!" என்று ரூஸ்வெல்ட் வானொலியில் முழங்கினார், கண்டவுடன் சுடும் உத்தரவு பிறந்தது. அந்த நீர்மூழ்கியை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, அது இருக்குமிடத்தை பிரிட்டிஷ் விமானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததே கிரீர்தான் என்ற உண்மை பின்னர்தான் வெளியே வந்தது. அக்டோபர் 17 இல் கியர்னி என்ற கப்பல் தாக்கப்பட்டு 11 பேர் இறந்தனர். அக்டோபர் 31 இல் ரூபன் ஜேம்ஸ் மூழ்கியது. சுமார் 100 மாலுமிகள் மாண்டனர். அன்றைக்கும் அமெரிக்கா காகிதத்தில் நடுநிலை நாடுதான்! பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும், போர் பிரகடனம் ஆனதும் அதற்குப் பிறகு டிசம்பரில்.

நாஜிகளை எதிர்த்தது சரியே என்று நீங்கள் சொல்லலாம். நாமும் அதையே சொல்கிறோம். நம் கேள்வி வேறு. சரியான காரியம் என்றால், அதைத் தாய்மார்களிடம் நேராகச் சொல்லிச் செய்திருக்கலாமே! ஒரு வாக்குறுதியை மேடையில் கொடுத்துவிட்டு, மறு வேலையைக் கடலில் ஏன் செய்ய வேண்டும்?

இராமேஸ்வரத்தில் புறப்பட்ட படகுகள்

அமெரிக்காவை விடுங்கள். நம் தமிழக மண்ணிலிருந்தே இது நடந்திருக்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக நம் கரைக்கு வந்தார்கள். தமிழகமே கண்ணீர் விட்டது. டெல்லி அரசு ஒரு கையால் சமரசம் பேசியது. 1985 இல் திம்புவில் பேச்சுவார்த்தை நடத்தி வைத்தது. மறு கையால் போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. நடுவர் என்ற பெயர் அப்போதே கறைபட்டுவிட்டது.

1987 இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடுக்கப்பட்டது. மே மாதம் வடமராட்சியில் இலங்கை இராணுவம் பெரும் தாக்குதலில் இறங்கியது. ஜூன் தொடக்கத்தில் இராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 மீன்பிடிப் படகுகள் நிவாரணப் பொருட்களோடு புறப்பட்டன. கடலோரக் காவற்படை உடன் சென்றது. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்தது. படகுகள் திரும்பி வந்தன.

திரும்பிய அவமானத்துக்கு மறுமொழி வானத்தில் எழுந்தது. ஜூன் 4 ஆம் தேதி, ஓசூர் தாண்டினால் வருகிற அதே பெங்களூரிலிருந்து ஐந்து சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு பறந்து, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவுப் பொருட்களைப் போட்டன. அரிசி மூட்டைக்குக் காவலாகப் போர் விமானம்!

ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அமைதிப்படை என்ற பெயரில் இந்தியப் படை போய் இறங்கியது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியைப் பலரும் கவனிக்கவில்லை. தமிழ்ப் போராளிகளின் நடவடிக்கையைத் தடுப்பதில் இந்தியக் கடற்படையும் கடலோரக் காவற்படையும் இலங்கைக் கடற்படையோடு ஒத்துழைக்கும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஜூன் மாதத்தில் நம் படகுகளை மறித்த கடற்படைக்கு, இரண்டு மாதம் முடிவதற்குள் நம் கடற்படை கூட்டாளி!

தீப்பொறியும் கடலில்தான் விழுந்தது. அக்டோபர் 3 ஆம் தேதி, குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 17 விடுதலைப் புலிகளைப் பருத்தித்துறைக் கடலில் இலங்கைக் கடற்படை பிடித்தது. அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக முயன்றபோது அக்டோபர் 5 இல் சயனைடு தின்று 12 பேர் இறந்தனர். அடுத்த சில நாட்களில் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. யாருக்காக அரிசி கொண்டு போனோமோ, அவர்களுடைய தெருக்களில் நம் பீரங்கிகள் உருண்டன. இந்தியக் கடற்படை வடகடலை அடைத்து நின்றது.

போர் என்று யாராவது பிரகடனம் செய்தார்களா? இல்லை. கடைசி நாள் வரை அதன் பெயர் அமைதி காப்பு! 1990 மார்ச் 24 இல் கடைசி அணி திரிகோணமலையிலிருந்து கப்பலேறும்போது 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். இறந்த ஈழத்து அப்பாவிகளின் துயரம் தனிக்கதை. திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய தமிழக முதல்வர் கலைஞர் கருணாநிதி செல்லவில்லை. அனுப்பும்போது கைதட்டல், திரும்பும்போது மௌனம். அந்தச் சிப்பாய் செய்த தவறு என்ன?

நடுவில் நசுங்கியவர்கள்

இரண்டு அரசுகள் மேசையில் அமர்ந்து கையெழுத்திடும்போது, அந்த அறையில் இல்லாதவர்களைப் பற்றி யார் நினைப்பது? வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைக்க 1987 ஒப்பந்தம் வழி செய்தது. கிழக்கு மாகாணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை. அமைதிப்படை போனபின் அவர்களைக் காக்கவும் யாருமில்லை. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் மொத்தமாக விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். பூட்டிய கடைச் சாவியோடு அகதியான வணிகனின் நிலையை நம் வணிகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் படுகொலையைச் செய்தது புலிகள், பழி அவர்களுடையது. ஆனால் ஆழம் பார்க்காமல் இறங்கி, பாதியில் கரையேறியவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

அதே 1987 ஜூலையில் இன்னொரு கடலிலும் இதே கதை அரங்கேறியது. ஈரான், ஈராக் போரில் தாம் நடுநிலை என்று சொன்ன அமெரிக்கா, குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்குத் தன் கொடியை ஏற்றிக் காவல் போனது. மறு ஆண்டு 1988 ஜூலை 3 இல் வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. இறந்த 290 பேரில் 10 பேர் இந்தியர்கள். வழித்துணைக்குப் போன கப்பல் செய்த வேலை இது!

கேட்பவன் துரோகியா?

"யாழ்ப்பாணம் பட்டினி கிடக்கும்போது பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா? 1971 இல் இதே வழியில் போய்த்தானே வங்கதேசத்தை மீட்டோம்?" என்று சிலர் கேட்கக்கூடும்.

உண்மைதான். 1971 இலும் டிசம்பர் 3 க்கு முன்பே கடலில் இறங்கியிருந்தோம். பிளாசியில் பாகீரதி ஆற்றங்கரையில் இந்தியக் கடற்படை பயிற்றுவித்த வங்காள நீச்சல் வீரர்கள், ஆகஸ்ட் நடுவில் சிட்டகாங் உள்ளிட்ட துறைமுகங்களில் கப்பல்களைத் தகர்த்தார்கள். அங்கே பெரும் படுகொலை நடந்தது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த தலைமை ஒன்று இருந்தது. வேலை முடிந்து சில மாதங்களில் நம் படை திரும்பியது. நோக்கம் தெளிவு, எல்லை தெளிவு. 1987 இல் இவற்றில் எது இருந்தது? ஒருமுறை ஆற்றைக் கடந்தவன் அதே துணிச்சலில் கடலில் குதித்த கதையல்லவா அது!

பசித்தவனுக்குச் சோறு கொடுப்பதை எவரும் தடுக்கவில்லை. சோற்று மூட்டையோடு துப்பாக்கி போகும்போது, அது எதற்கு, எவ்வளவு தூரம், எப்போது திரும்பும் என்று கேட்கத்தான் வேண்டும். வணிகர்களே! ஒரு லோடு சரக்கு அனுப்பினால்கூட எங்கே இறங்குகிறது, யார் பொறுப்பு, பணம் எப்போது வரும் என்று கேட்காமல் அனுப்புவீர்களா? பிள்ளைகளின் உயிர் ஒரு லோடு சரக்கைவிட மலிவா?

நம் அரசியல் சட்டத்தில், போருக்குப் படை அனுப்புமுன் நாடாளுமன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி இல்லை. அமைச்சரவை முடிவு செய்தால் கப்பல் புறப்படலாம். ஆகவே கேட்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

2023 டிசம்பரில் குஜராத் கடலுக்கு அப்பால் ஒரு வணிகக் கப்பல் ட்ரோனால் தாக்கப்பட்டதும் இந்தியா தன் போர்க்கப்பல்களை அரபிக்கடலுக்கு அனுப்பியது. செங்கடலில் அமெரிக்கா அமைத்த கூட்டணியில் அப்போது சேரவில்லை. 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையரிடமிருந்து ரூன் என்ற கப்பலின் 17 மாலுமிகளை மீட்டது. பாராட்டுகிறோம்! மாலுமியைக் காப்பதும், வணிகக் கப்பலைக் காப்பதும் கடமை. பிறருடைய போருக்குத் துணை போவது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு தண்ணீரில் போட்ட கோடு. கண் வைத்திருந்தால்தான் தெரியும்.

எனவே நாம் வைக்கும் கோரிக்கை எளியது. பிற நாட்டின் சண்டை நடக்கும் கடலுக்கு நம் போர்க்கப்பல் போகுமானால், அதன் நோக்கத்தையும் எல்லையையும் அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். பணி மாறினால், மாறியது என்று சொல்ல வேண்டும். நிவாரணம் என்று புறப்பட்டது ரோந்தாகவும், ரோந்து போராகவும் மாறிய பிறகு பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் டெல்லிக்குப் போகிற உறுப்பினர்களிடம் இதைக் கேட்கும் உரிமை, வாக்களித்த உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு.

இளைஞர்களே! கப்பல் புறப்படும்போது கைதட்டுவது சுலபம். அது எங்கே போகிறது என்று அந்த நேரத்தில் கேட்பவனை ஊர் முறைத்துப் பார்க்கும். 1987 ஜூனில் இராமேஸ்வரம் கரையில் அப்படிக் கேட்கும் குரல்கள் போதவில்லை. நாளை அந்தக் குறை நம்மால் வரவேண்டாம்.

சிந்திப்போம்! கேட்போம்!