கையெழுத்து விழுந்தால் சம்மதமா?

“ஆய்வு நெறிமுறை உலகத்துக்கே ஒன்றுதான். ஒன்லைன் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் எடு, மீளாய்வுக் குழுவிடம் அனுமதி வாங்கு, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கு. அதற்கு மேல் பண்பாட்டுப் பயிற்சி என்பதெல்லாம் வெளிநாட்டு நிதியாளர்களின் புதுமோகம்.” கொழும்பின் ஆய்வு வட்டாரங்களில் இந்தப் பேச்சு செல்வாக்கானது. பாதியை ஒப்புக்கொள்ளலாம். மருத்துவ ஆய்வு நெறிமுறை பற்றி 1964இல் ஹெல்சிங்கியில் எழுதப்பட்ட பிரகடனம் கொழும்பின் வெள்ளவத்தைக்கும் பொருந்தும். ஆனால் அதை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பவருக்கு அந்தத் தெருவைப் பற்றி ஒன்றும் தெரியத் தேவையில்லை என்பது எப்படிப் பொருந்தும்?

கையெழுத்தையே எடுப்போம். 1983 ஜூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழர் வீடுகளைத் தேடின. யுத்த காலத்தில், வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 300க்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், அடியில் ஒரு கையெழுத்து என்று கேட்கும் தாளைப் பார்த்ததும் வெள்ளவத்தையில் ஓர் அம்மாவுக்கு முதலில் நினைவுக்கு வருவது மருத்துவ ஆய்வாக இருக்காது. அவர் மறுபேச்சின்றி ஒப்பமிட்டால் அது சம்மதமாகவும் இருக்கலாம், “ஏன் வீண் வம்பு” என்ற பழக்கமாகவும் இருக்கலாம். எழுத்தில் பெற முடியாதபோது வாய்மொழிச் சம்மதத்தைச் சாட்சியுடன் பதிவுசெய்ய ஹெல்சிங்கிப் பிரகடனமே இடம் தருகிறது. அந்த இடத்தை எங்கே பயன்படுத்துவது என்பதை ஒன்லைன் சான்றிதழ் சொல்லித் தராது.

தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவரைச் சேர்த்தால் போதும் என்பார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளர்ந்த பட்டதாரியைக் கொட்டாஞ்சேனையில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்பொன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். மொழி ஒன்றுதான், வாழ்க்கை வேறு. 2010இல், இத்தகைய குடியிருப்புகளை அகற்றும் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதன் பிறகு கொழும்பின் தோட்டங்களில், குடும்பங்களைக் கணக்கெடுக்க வருபவர் வீட்டை எடுக்க வருபவராகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஒற்றை அறை, பொதுச் சுவர், பொதுக் குழாய். அங்கே காசநோயைப் பற்றியோ கணவரின் குடியைப் பற்றியோ கேட்டால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். இரகசியம் காப்போம் என்ற வாக்குறுதி, கோப்பைப் பூட்டுவதற்கு முன்பே போய்விடும்.

விஞ்ஞானத்துக்குச் சாதி மதம் இல்லை என்பது அடுத்த வாதம். 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று அரசு விதித்தபோது காட்டிய காரணமும் விஞ்ஞானம்தான்: நிலத்தடி நீர் மாசுபடுமாம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. மன்னிப்புக் கேட்க அமைச்சரவைக்கு 2024 ஜூலை வரை ஆயிற்று. முஸ்லிம் வீடுகளில் இனி இரத்த மாதிரி கேட்டுப் போகும் எந்த ஆய்வாளரும் இந்தக் கடனையும் சுமந்துகொண்டுதான் போகிறார்.

வெளிநாட்டு மோகம் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களிடம் ஆய்வு நடந்த விதத்தைக் கேள்வி கேட்டு, 2005இல் ‘தி லான்செட்’ இதழில் எழுதியவர்கள் அத்துல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகிய இலங்கை மருத்துவர்கள்.

ஓர் ஆட்சேபத்தில் மட்டும் நியாயம் உண்டு. பண்பாட்டை மதிக்கிறோம் என்று சொல்லி, பங்குத்தந்தையிடமோ வீட்டுக்காரரிடமோ கேட்டுவிட்டுப் பெண்ணிடம் கேட்காமல் விடும் ஆபத்து மெய்யானது. ஃபாதர் கூட்டிவந்தவரிடம் “மாட்டேன்” என்று சொல்வது கொட்டாஞ்சேனையில் லேசா? அதனால்தான் பயிற்சி வேண்டும் என்கிறேன்: பெரியவரின் அனுமதியோடு உள்ளே போகவும், பிறகு அவரை வெளியே இருத்திவிட்டு உரியவரிடம் தனியாகக் கேட்கவும். சமூகத் தலைவரின் அனுமதி தனிநபர் சம்மதத்துக்கு ஈடாகாது என்பது 2016ஆம் ஆண்டின் சர்வதேச ஆய்வு நெறிமுறை வழிகாட்டியிலும் உண்டு.

மீளாய்வுக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பயிற்சியை நடத்த, அந்தத் தெருக்களில் ஏறி இறங்கும் மாநகர சபையின் குடும்பநல உத்தியோகத்தர்களை அழையுங்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வியையும் சேருங்கள்: நீங்கள் போகும் இடத்தில் உங்களுக்கு முன் பெயர், விலாசம் கேட்டு வந்தவர்கள் யார், பிறகு என்ன நடந்தது? இதற்குப் பதில் எழுதத் தெரியாதவருக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.